பின்னணிப் பணிவரிசை எதனைக் கொள்ளல் வேண்டும்?

இக்காலத்து இளைஞர் வலைச்செயலி ஒன்றினை ஆக்கப் புகுங்கால், பெரும்புகழ் வாய்ந்த கருவிகளையே முதற்கண் நாடுதல் கண்கூடு. பின்னணிப் பணிவரிசையைப் பொறுத்தமட்டில் இவ்வழக்கம் நன்றன்று என்பதே எம் கருத்து.

பணிவரிசையாவது யாது? வன்னியம்பட்டி மாணவர் ஒருவர், அண்மையிலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூரின் பால்கோவாவை வெளியூரார் வாங்குதற்பொருட்டு ஒரு வலைச்செயலி அமைக்கின்றார் எனக் கொள்வோம். பணம் செலுத்தியவுடன் ஆர்டர் பதிவாதல் வேண்டும். ரசீதை மின்னஞ்சலில் விடுத்தலும், கடைக்காரர்க்குச் செய்தி அனுப்புதலும் சிறிது பொறுத்து நிகழலாம். அவற்றிற்காக வாங்குவோரைக் காக்கவைத்தல் தகாது. ஆதலின் அவ்வேலைகளை ஒரு வரிசையிற் குறித்துவைக்க, வேறொரு நிரல் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து முடிக்கின்றது.

அவ்வரிசையை எங்கே வைப்பது? ரெடிஸில் வைப்பார் பலர். சைட்கிக் அதனையே சார்ந்தது. ரேபிட்எம்க்யூவை நிறுவுவாரும் உளர். இவை விரைவிற் சிறந்தன என்பதை யாம் மறுக்கின்றிலேம். எனினும், ஆர்டர் ஓரிடத்தும் பணி மற்றோரிடத்தும் பதியுமாயின், இரண்டிற்கும் இடையே மின்சாரம் நின்றுவிடின் யாது நிகழும்? பணமோ பெறப்பட்டது, கடைக்காரர்க்கோ செய்தி இல்லை. மேலும், ரெடிஸ் யாவற்றையும் நினைவகத்திற் கொண்டிருத்தலின், வட்டில் எழுதும் முறையைச் செவ்வனே அமையாவிடின் இறுதிப் பதிவுகள் அழிதலும் கூடும்.

ஆர்டர் உள்ள தரவுத்தளத்திலேயே பணியையும் ஒரே பரிவர்த்தனையில் எழுதின், இரண்டும் ஒருங்கே பதியும்; அன்றேல் இரண்டும் ஒருங்கே ஒழியும். பல நிரல்கள் ஒரே அட்டவணையில் வேலையெடுக்குங்கால் ஒன்றையொன்று தடுக்கும் என்னும் குறையையும், 2016-இல் வெளிவந்த போஸ்ட்கிரெஸ் 9.5, பிற நிரல் பூட்டிய வரிகளைத் தாண்டிச்செல்லும் வசதியால் நீக்கிற்று. 2024-இல் வெளிவந்த ரெயில்ஸ் 8-உம் தரவுத்தளத்தில் இயங்கும் சாலிட் க்யூவையே இயல்பான தேர்வாகக் கொண்டது.

ஒன்று மறவற்க. எவ்வரிசையாயினும், இடையில் அறுந்த பணி மீளவும் செய்யப்படலாம். ஒரே ஆர்டருக்கு இருமுறை செய்தி சென்று, இருமுறை பார்சல் கட்டப்படுமாயின் நட்டம் கடைக்காரர்க்கே. ஆகவே ஒவ்வொரு பணிக்கும் ஓர் எண் இட்டு, அது முன்னரே முடிந்ததோ எனச் சோதித்தல் செயலியை ஆக்கியோர் கடன்.

நொடிக்குப் பல்லாயிரம் பணிகள் வந்து குவியுங்காலத்துப் பெருங்கருவிகளை நாடுக. அதுகாறும் கையிலுள்ள தரவுத்தளமே சாலும். கருவி ஒன்று கூடின், நள்ளிரவில் எழுந்து அதனைப் பழுதுபார்க்கும் பொறுப்பும் ஒன்று கூடும். நம் மாணவர் புகழை நோக்காது தேவையை நோக்கித் தேர்வாராக.