வாயைத் திறந்தால் போதுமா?

மூன்று வாரத்துக்கு முன்பு, ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஐயர் தோளில் கை வைத்தார். (எங்கள் நெல்லைப் பக்கத்து சி.எஸ்.ஐ. சபைகளில் போதகரை 'ஐயர்' என்றுதான் சொல்வோம். கல்லூரியில் இதைச் சொன்னால் சென்னைப் பையன்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.) "தம்பி, வர்ற வாலிபர் ஞாயிறுக்கு நீதான் பிரசங்கம். இருபது நிமிஷம். வேதபகுதியை நீயே எடுத்துக்கோ" என்றார். சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். எனக்குத்தான் செருப்பு கிடைத்தும் கால் நகரவில்லை.

அன்று ஆரம்பித்தது அறிவுரை மழை. "யூடியூப்ல நல்ல இங்கிலீஷ் பிரசங்கமா ஒண்ணு எடுத்துத் தமிழாக்கிரு, யாருக்குத் தெரியப்போகுது" என்றான் ஒரு நண்பன். "ஏ.ஐ. கிட்ட கேளு, ரெண்டு நிமிஷத்துல மூணு குறிப்பு கொடுக்கும், மூணும் ஒரே எழுத்துல ஆரம்பிக்கும்" என்றான் இன்னொருவன். "பிள்ளைகள் எந்நேரமும் போனும் கையுமா அலையுது, அதைக் கண்டிச்சு நாலு வார்த்தை பேசு" என்றார் அத்தை, வாட்ஸப்பிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

இதெல்லாம் பரவாயில்லை. என்னை உட்கார்ந்து இந்தப் பதிவை எழுத வைத்தவர் மாமா. சபைக் கமிட்டியில் இருக்கிறார், நல்ல மனிதர், என் பள்ளிக்கூட ஃபீஸ் இரண்டு வருஷம் கட்டியவர். மேஜையில் விரித்து வைத்திருந்த வேதாகமம், விளக்கவுரை, நோட்டு எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் சிரித்தார். "எதுக்குல இவ்வளவு புஸ்தகம்? பேப்பரைப் பார்த்துப் பேசுனா அது பேச்சு. முழங்கால்ல நின்னு ஜெபம் பண்ணு, ஏறி வாயைத் திற, மிச்சத்தை ஆவியானவர் பார்த்துக்குவார்" என்றார். நான் "சரி மாமா" என்றேன். நேரில் அதற்கு மேல் வாய் வராது. (வாயைத் திறந்தால் வந்துவிடும் என்கிற கொள்கை முதல் முறையே பொய்த்தது!) அவரிடம் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே சொல்கிறேன்.

மாமாவும் அவரைப் போன்றவர்களும் இதற்கு இரண்டு வசனம் வைத்திருக்கிறார்கள். ஒன்று மத்தேயு 10-ல் வருவது. என்ன பேசுவது என்று கவலைப்படாதே, அந்த நேரத்தில் அருளப்படும் என்பது அதன் சாரம். சரி, எந்த நேரத்தில்? முந்தின இரண்டு வசனத்தைப் படியுங்கள். ஆலோசனைச் சங்கத்தில் ஒப்புக்கொடுப்பார்கள், அடிப்பார்கள், அதிபதிகள் முன்பும் ராஜாக்கள் முன்பும் இழுத்துக்கொண்டு போவார்கள் என்று இருக்கிறது. கைதாகிக் கோர்ட்டில் நிற்கிறவனுக்குக் கொடுத்த ஆறுதல் அது. மூன்று வாரம் முன்பே தேதி சொல்லி, மைக்கும் ஃபேனும் தண்ணீர் டம்ளரும் வைத்துக் காத்திருக்கிற வாலிபர் ஞாயிறுக்குச் சொன்னதல்ல. என்னை யாரும் விலங்கு போட்டுப் பீடத்தில் ஏற்றவில்லை.

மற்றது சங்கீதம் 81. வாயை அகலத் திறந்தால் ஆண்டவர் நிரப்புவார் என்கிற இடம். அந்தச் சங்கீதத்தைக் கடைசி வரை படித்தவர்கள் நம் கூட்டங்களில் எத்தனை பேரோ! அது எதால் நிரப்புகிறது என்று கடைசி வசனத்திலேயே இருக்கிறது: கோதுமையும் தேனும். எகிப்திலிருந்து வந்த ஜனத்துக்குச் சோறு போடுகிற பேச்சு அது. பிரசங்கத்துக்கு முன்பு அசனச் சாப்பாட்டைப் பற்றி யாராவது அந்த வசனத்தைச் சொன்னால் நான் கைதட்டுவேன்.

வேதத்தில் ஆயத்தம் பண்ணுகிறவர்கள் இல்லாமலா இருக்கிறார்கள்? பவுல் சிறையில் இருந்து தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் கடைசி அதிகாரத்தைப் பாருங்கள். சாவு பக்கத்தில் வந்துவிட்டது என்று அவரே சொல்கிறார். அப்போது அவர் கேட்டனுப்புவது துரோவாவில் விட்டுவந்த மேலங்கி, புஸ்தகங்கள், முக்கியமாகத் தோற்சுருள்கள். சாகப்போகிற அப்போஸ்தலனுக்குப் புஸ்தகம் வேண்டியிருக்கிறது, எனக்கு வேண்டாமாம். (அதே துரோவாவில்தான் அவர் நடுராத்திரி வரை பேசி, ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். ஆகவே ஆயத்தத்தோடு கடிகாரமும் அவசியம் என்று ஒத்துக்கொள்கிறேன்.)

நம் ஊர்க் கதைக்கு வருவோம். 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க் எப்படித் தமிழ் படித்தார்? குழந்தைகளோடு குழந்தையாகத் தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அனா ஆவன்னா எழுதிப் படித்தார். ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார், 1708-லேயே அவற்றுக்கு ஒரு பட்டியல் எழுதிவிட்டார். 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி வந்தது. வாயைத் திறந்தால் தமிழ் வந்து நிரம்பிவிடும் என்று அவர் கடற்கரையில் நின்றிருந்தால், மாமா இன்றைக்கு எந்த வேதாகமத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போவார்?

உடனே ஸ்பர்ஜனை இழுப்பார்கள், தெரியும். 1850-ல், பதினாறு வயதில், கேம்பிரிட்ஜ் பக்கத்தில் டெவர்ஷம் என்கிற ஊருக்கு வேறொருவர் பிரசங்கிக்கப் போகிறார், துணைக்குப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு போனார். பாதி வழியில்தான் பிரசங்கியார் தானே என்று தெரிந்தது. ஒரு குடிசையில் நின்று பேசினார், நன்றாகவே பேசினார். உண்மைதான். ஆனால் அந்தப் பையன் சின்ன வயதிலிருந்து தாத்தா வீட்டில் பழைய பியூரிட்டன் புத்தகங்களுக்கு நடுவே புரண்டு வளர்ந்தவன். அவனுக்கு ஆயத்தம் பத்து வருஷத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. நாமோ சனிக்கிழமை ராத்திரி பத்து மணி வரை ஐ.பி.எல். பார்த்துவிட்டு ஸ்பர்ஜனை உதாரணம் காட்டுகிறோம்.

வெறும் பாணி விவகாரம் என்றால் இவ்வளவு கோபம் வந்திருக்காது. பேப்பர் வைத்துக்கொண்டும் எத்தனையோ பேர் தூங்க வைக்கிறார்கள். பீடத்தில் பரீட்சைப் பேப்பரைப் படிப்பதுபோல் வாசிப்பவர்களையும் கேட்டு நொந்திருக்கிறேன். எனக்கு இது வீட்டு விஷயம். அக்காவைக் கேட்டு, சரி என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.

அக்காவுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம், குழந்தை இல்லை. நான்கு வருஷத்துக்கு முன்பு ஒரு கன்வென்ஷன் கூட்டத்துக்கு வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்தார். அவர் கையில் குறிப்பு எதுவும் கிடையாது, அதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டார். நடுவில் கண்ணை மூடி, "இந்தக் கூட்டத்தில் பிள்ளைக்காக அழுகிற ஒரு சகோதரி இருக்கிறாள்" என்றார். (ஐந்நூறு பேர் கூடிய கூட்டத்தில் அப்படி ஒருத்தி இல்லாமல் இருந்தால்தான் அதிசயம்.) "அடுத்த வருஷம் இதே நேரம் உன் கையில் பிள்ளை" என்றார். கூட்டமே ஆமென் என்றது. நானும் சொன்னேன், சத்தமாகவே சொன்னேன். அந்தப் புத்தாண்டு ஆராதனையில் அக்கா எடுத்த வாக்குத்தத்த அட்டையில் எரேமியா 29:11 வந்தது. நல்ல எதிர்காலம் தருகிற அந்த வசனம், உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜிலும் ஒட்டியிருக்கும். அக்கா சின்னதாக ஒரு ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்தாள்.

அடுத்த வருஷம் அதே நேரம் வந்தது, போனது. பிரசங்கியார் வேறு ஊரில் வேறு சகோதரிக்குச் சொல்லிக்கொண்டிருந்திருப்பார். எங்கள் சபையில் ஒருவரும் அக்காவிடம் வந்து "நாங்கள் ஆமென் சொன்னது தப்பு" என்று சொல்லவில்லை. "விசுவாசம் குறைவா இருந்திருக்கும்" என்று மட்டும் இரண்டு பேர் சொன்னார்கள். முன்வரிசையில் பாடகர் குழுவில் நின்றவள் இப்போது கடைசி பெஞ்சில், கதவோரம் உட்காருகிறாள். ஆசீர்வாதம் சொல்லி முடிக்கும் முன்பே எழுந்து போய்விடுகிறாள்.

அதனால்தான் என் வேதபகுதியாக எரேமியா 29-ஐ எடுத்தேன். எடுத்த பிறகுதான் முழுதாகப் படித்தேன் (எனக்கும் அதுவரை ஃப்ரிட்ஜ் வசனம்தான் தெரியும், வெட்கம்). அது பாபிலோனுக்குச் சிறைபிடித்துப்போன ஜனத்துக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதிய கடிதம். கி.மு. 597-ல் ராஜாவோடும் தச்சர் கொல்லரோடும் கொண்டுபோகப்பட்டவர்கள். அவர்களுக்கு அவர் என்ன எழுதுகிறார்? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பெண் கொடுங்கள், பெண் எடுங்கள், அந்த ஊர் நன்றாயிருக்க ஜெபம் பண்ணுங்கள் என்கிறார். காரணம், எழுபது வருஷம் ஆகும். பதினொன்றாம் வசனத்துக்கு முந்தின பத்தாம் வசனத்திலேயே அந்த எழுபது இருக்கிறது. வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் முக்கால்வாசிப் பேர் திரும்பிப் போகாமல் அங்கேயே சாகப்போகிறவர்கள். அட்டை அச்சடிக்கிறவர்கள் பத்தை விட்டுவிட்டுப் பதினொன்றை மட்டும் கத்தரித்து எடுத்திருக்கிறார்கள்.

முந்தின 28-ம் அதிகாரம் இன்னும் பிரமாதம். அங்கே அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி. இரண்டே வருஷம், எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று ஆலயத்தில் நின்று அடித்துச் சொல்கிறான். எரேமியா கழுத்தில் கிடந்த மர நுகத்தை எடுத்து எல்லார் முன்னாலும் உடைத்தும் காட்டுகிறான். என்ன ஒரு மேடைக் காட்சி! இன்றைக்கு நடந்திருந்தால் ரீல்ஸ் ஆகியிருக்கும். எரேமியாவோ அங்கே பேச்சு வளர்க்காமல் எழுந்து போய்விடுகிறார். அவருக்கு வார்த்தை பிறகுதான் வருகிறது. அனனியா அந்த வருஷமே, ஏழாம் மாதத்தில் செத்துப்போகிறான்.

இதைக் கண்டுபிடித்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல! என் பிரசியாரை மாட்ட ஆணி கிடைத்துவிட்டது. இரண்டாம் பக்கம் முழுக்க அனனியாவைத் துவைத்துக் காயப்போட்டேன். இரண்டு வருஷப் பிரசங்கிகளா, எழுபது வருஷப் பிரசங்கிகளா, சபை யாருக்கு ஆமென் சொல்கிறது என்றெல்லாம் அனல் பறக்க எழுதினேன்.

நேற்று ராத்திரி ஆச்சிக்கு முன்னால் ஒத்திகை பார்த்தேன். அடுக்களையில் உட்கார்ந்து சின்ன உள்ளி உரித்துக்கொண்டே கேட்டாள். பதினெட்டு நிமிஷம் வந்தது. முடித்துவிட்டு முகத்தைப் பார்த்தேன்.

"நல்லாத்தாம்ல இருக்கு. அந்த அனனியா செத்தான்னு சொல்லுத இடத்துல உனக்குச் சிரிப்பு வருது."

"இல்ல ஆச்சி."

"வருதுல. நான் பார்த்தேன். உங்க அக்காளும் பார்ப்பா."

அறைக்கு வந்து திரும்ப 28-ம் அதிகாரத்தை எடுத்தேன். மூன்று வாரமாகக் கண்ணில் படாமல் இருந்த ஆறாம் வசனம் அப்போதுதான் பட்டது. அனனியா இரண்டு வருஷம் என்று சொன்னதும் எரேமியா முதலில் சொல்வது "ஆமென்". அப்படியே நடக்கட்டும், நீ சொன்னது பலிக்கட்டும் என்கிறார். அது கேலியாக எனக்குப் படவில்லை. எழுபது என்று தெரிந்திருந்தும் அந்த ஆளுக்கு இரண்டு வருஷமாக இருந்துவிடாதா என்று ஆசை இருந்திருக்கிறது. அன்று கூட்டத்தில் நான் சொன்ன ஆமெனும் அப்படித்தான் இருந்தது. அதை ஏன் என் குறிப்பில் எங்குமே எழுதவில்லை?

நாளை மறுநாள் ஞாயிறு. மாமா முன்வரிசையில் இருப்பார், என் கையில் நான்கு பக்கக் காகிதம் இருக்கும், அதில் மாற்றமில்லை. அக்கா வருவதாகத்தான் சொல்லியிருக்கிறாள். மணி பதினொன்றரை ஆகிறது, இரண்டாம் பக்கம் முழுக்கத் திரும்ப எழுத வேண்டும்.