கடிகாரத்தைத் திருப்பி வைத்தால் திருச்சிக்கு என்ன லாபம்?

திருச்சி நவல்பட்டு ஐ.டி. பார்க்கில் அமெரிக்க கிளையன்ட்டுக்கு வேலை பார்ப்பவர்களுக்கு, மார்ச் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை குழப்பத்தோடுதான் தொடங்கும். வெள்ளிக்கிழமை வரை இரவு 7.30-க்கு இருந்த மீட்டிங், மாலை 6.30-க்கு வந்து நிற்கும். கேப் ஒரு மணி நேரம் முன்னாடியே வாசலில் ஹாரன் அடிக்கும். “ஏன்டா, போன வாரம் வரைக்கும் டிஃபன் சாப்ட்டுட்டுத்தானே கிளம்பின?” என்று ஸ்ரீரங்கத்து வீட்டில் அம்மா கேட்பார்.

நம்ம ஊர் கடிகாரம் ஒரு நிமிடம்கூட நகரவில்லை. நகர்ந்தது நியூயார்க் கடிகாரம்.

அது என்ன டே லைட் சேவிங்?

கோடையில் சூரியன் சீக்கிரம் உதிக்கிறது. மக்கள் தூங்கும்போது வீணாகும் அந்த வெளிச்சத்தை மாலைக்குத் தள்ளிவிடலாம் என்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைப்பதுதான் ‘பகலொளி சேமிப்பு நேரம்’. அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிறு தொடங்கி நவம்பர் முதல் ஞாயிறு வரை. பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை.

இந்தியாவுக்கு இது புதுசா?

இல்லை. 1906 ஜனவரி 1-ல் இந்திய நேரம் அறிமுகமானது. அதற்கு முன் ரயில்கள் ஓடியது ‘மெட்ராஸ் நேர’த்தில், இப்போதைய நேரத்தைவிட சுமார் 9 நிமிடம் பின்னால். இரண்டாம் உலகப் போரின்போது, 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை, இந்தியக் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னால் ஓடின. அந்த டிசம்பர் மாதங்களில் திருச்சியில் கடிகாரப்படி சூரியன் உதித்தது காலை ஏழரை மணிக்கு!

போர் முடிந்ததும் பழைய நேரம் திரும்பியது. ஆனால் விவாதம் முடியவில்லை. இந்திய நேரத்தை ஆண்டு முழுக்க அரை மணி நேரம் முன்னால் நகர்த்தினால், வருடத்துக்கு 270 கோடி யூனிட் மின்சாரத்துக்கு மேல் மிச்சமாகும் என்று பெங்களூரு தேசிய உயர் ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கணக்குச் சொன்னார்கள். வடகிழக்கு மாநிலங்களுக்குத் தனி நேர மண்டலம் வேண்டும் என்று டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் 2018-ல் பரிந்துரைத்தது.

வடகிழக்கின் கேள்வி நியாயமானது. அருணாச்சலத்தின் கிழக்கு மூலையில் ஜூன் மாதம் நாலரை மணிக்கு முன்பே விடிந்துவிடும். அசாம் தேயிலைத் தோட்டங்கள் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும் ‘பாகான் டைம்’ வைத்துச் சமாளிக்கின்றன. ஆனால் அவர்களுக்கான மருந்தை நாமும் குடிக்க வேண்டுமா?

திருச்சி கணக்கு

லண்டனில் ஜூன் மாதப் பகல் சுமார் 16 மணி 40 நிமிடம். டிசம்பரில் 8 மணி நேரத்துக்கும் குறைவு. அவ்வளவு பெரிய வித்தியாசம் இருந்தால் கடிகாரத்தைத் தொட ஒரு காரணம் இருக்கிறது.

திருச்சியில் ஜூன் மாதப் பகல் சுமார் 12 மணி 45 நிமிடம். டிசம்பரில் 11 மணி 30 நிமிடம். வருடம் முழுக்கச் சேர்த்தே வித்தியாசம் ஒன்றேகால் மணி நேரம்தான். ஜூன் கடைசியில் சூரியன் உதிப்பது கிட்டத்தட்ட 5.55-க்கு. வீணாகும் அளவுக்கு விடியற்காலை வெளிச்சம் இங்கே இல்லவே இல்லை.

அரை மணி நேரம் நிரந்தரமாக நகர்த்தினால் டிசம்பரில் சூரிய உதயம் ஏழு மணியை ஒட்டி வரும். ஸ்கூல் வேனுக்காகத் தெருமுனையில் நிற்கும் பிள்ளைகள் அரையிருட்டில் நிற்பார்கள்.

மாலை வெளிச்சமா, மாலை வெயிலா?

குளிர் நாட்டில் மாலை வெளிச்சம் என்றால் பூங்கா, விளையாட்டு, நடைப்பயிற்சி. திருச்சியில் அது வெயில். கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைத்தால், ஐந்து மணிக்கு ஆபீஸ் விட்டு பைக்கை எடுப்பவர் இப்போதைய நாலு மணி வெயிலில் சத்திரம் பஸ் ஸ்டாண்டைத் தாண்ட வேண்டும். வீட்டுக்குப் போனதும் கை முதலில் தேடுவது ஏ.சி. ரிமோட்டைத்தான்.

இது வெறும் ஊகம் அல்ல. அமெரிக்காவின் இண்டியானா மாநிலம் 2006-ல் முழுமையாக இந்த முறைக்கு மாறியபோது, வீட்டு மின் பயன்பாடு சுமார் 1 சதவீதம் கூடியதாக ஆய்வு சொன்னது. விளக்குக்கு மிச்சமானதை ஏ.சி.யும் ஹீட்டரும் சாப்பிட்டுவிட்டன. எல்.இ.டி. பல்புகள் வந்துவிட்ட இன்று விளக்கில் மிச்சம் பிடிக்க இன்னும் குறைவாகவே இருக்கிறது.

பக்கத்து வீட்டு அனுபவம்

1996-ல் மின் தட்டுப்பாட்டைச் சமாளிக்க இலங்கை தன் நேரத்தை மே மாதம் ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்தியது. அக்டோபரில் அதில் அரை மணியைத் திரும்பக் குறைத்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் பழைய நேரத்திலேயே தொடர்ந்தன. ஒரே தீவில் இரண்டு நேரம். 2006 ஏப்ரலில்தான் இலங்கை மீண்டும் இந்திய நேரத்துக்கே வந்தது. ஒரு கையெழுத்தில் நேரத்தை மாற்றிவிடலாம். மக்களை மாற்றுவது அவ்வளவு சுலபம் இல்லை.

கடிகாரம் வேண்டாம், அட்டவணை போதும்

‘காலையில் ஒரு மணி நேரம் குளுமை கிடைக்குமே’ என்று கேட்கலாம். அதற்குக் கடிகாரத்தை எதற்குத் தொட வேண்டும்? வேலையை முன்னதாகத் தொடங்கினாலே போதும்.

இதை ஸ்ரீரங்கம் எப்போதோ செய்துவிட்டது. சூரியன் தாமதமாக உதிக்கும் மார்கழியில்தான் ஊர் சீக்கிரம் எழுகிறது. இருட்டிலேயே கோலம், குளியல், திருப்பாவை. யாரும் முள்ளைத் திருப்பவில்லை. பழக்கத்தை மாற்றிக்கொண்டார்கள், தை பிறந்ததும் விட்டுவிட்டார்கள். திங்கட்கிழமை ராகு காலம் 7.30 முதல் 9 என்று காலண்டரில் இருப்பதும் ஆறு மணிக்குச் சூரியன் உதிக்கும் என்ற கணக்கில்தான். கடிகாரத்தை நகர்த்தினால் அந்தக் கணக்கும் இடிக்கும்.

எனவே செய்ய வேண்டியது வேறு. ஏப்ரல், மே மாதங்களில் கட்டடத் தொழிலாளர்கள், துப்புரவுப் பணியாளர்களின் வேலை நேரத்தை விடியற்காலைக்கு நகர்த்தலாம். அரசு அலுவலகங்களுக்குக் கோடைக்கால நேரம் வைக்கலாம். மாவட்டத்துக்கு மாவட்டம் வெயிலைப் பார்த்து முடிவெடுக்கலாம்.

இரவு ஷிஃப்ட் நடத்தும் நிறுவனங்களுக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது. வெளிநாட்டுக் கடிகாரம் மாறும் தேதி வருடத் தொடக்கத்திலேயே தெரியும். அமெரிக்கா மாறி, பிரிட்டன் மாறாமல் இருக்கும் இரண்டு மூன்று வாரக் குழப்பமும் தெரிந்ததுதான். அப்படியிருக்க, கடைசி நிமிடத்தில் வாட்ஸ்அப்பில் ‘ஷிஃப்ட் சேஞ்ச்’ என்று ஒரு வரி அனுப்புவது நியாயம் இல்லை. ஷிஃப்ட் பட்டியல், கேப் நேரம், நள்ளிரவில் வீடு திரும்பும் பெண்களுக்கான பாதுகாப்பு ஏற்பாடு மூன்றையும் ஒரு மாதம் முன்பே அறிவிக்க வேண்டும்.

நவம்பரில் அந்த மீட்டிங் மறுபடி 7.30-க்குப் போகும். அப்போது அம்மா டிஃபன் எடுத்து வைக்கும் நேரமும் மாறும். அதை அவர் ஒரு மாதம் முன்பே தெரிந்துகொள்ளும்படி செய்வது, இந்தியக் கடிகாரத்தையே மாற்றுவதைவிட ரொம்பச் சின்ன வேலை.