கடைசியில் சேர்ந்தவருக்கு என்ன கிடைக்கும்?

சென்ற மாதம் எமது காரியாலயத்துக்கு ஓர் அம்மா வந்தார். ஐம்பது வயதாகி, தோட்ட வேலையிலிருந்து விலகி, ஊழியர் சேமலாப நிதிப் பணத்தைக் கையில் எடுத்தவர். மகன் கல்முனையில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறார். நற்பிட்டிமுனையில் நாலு பேரோடு ஓர் அறையில் தங்கியிருக்கிறார். அவர் தாயிடம் ஒன்றரை இலட்சம் ரூபாய் கேட்டிருக்கிறார். “நெட்வேர்க் பிஸ்னசாம் ஐயா. ஆறு மாதத்தில் இரட்டிப்பாகத் தருவேன் என்கிறான். குடுக்கலாமா?” இதுதான் அந்த அம்மாவின் கேள்வி.

ஒன்றரை இலட்சம் என்றால் என்ன? 2024இல் நமக்குக் கிடைத்த 1,350 ரூபாய் நாட்சம்பளக் கணக்கில் பார்த்தால் 111 நாள் பேர். மழையிலும் அட்டைக்கடியிலும் கொழுந்து பறித்த 111 நாள். ஆகவே பதிலைச் சற்று விரிவாகவே சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

மகனோடு தொலைபேசியில் பேசினோம். நல்ல பிள்ளை, உழைப்பாளி. அறையில் கூட இருப்பவர்தான் கூட்டத்துக்கு அழைத்துப் போயிருக்கிறார். அங்கே வெற்றி வாய்ப்பைக் கூட்டும் வழிகள் என்று ஒரு தாளைக் கொடுத்திருக்கிறார்கள். தெரிந்தவர்கள் நூறு பேரின் பெயரை எழுது; சொந்தக்காரரிடம் முதலில் போ; சந்தேகப்படுகிறவனோடு பழகாதே; விடாமல் முயற்சி செய். அந்தப் பிள்ளையின் பட்டியலில் முதல் பெயர் அம்மா.

முயற்சி வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் இந்த வியாபாரத்தில் முயற்சி எதைத் தீர்மானிக்கிறது? கணக்கைப் பாருங்கள். ஒருவர் ஆறு பேரைச் சேர்க்க வேண்டும், அந்த ஆறு பேரும் ஆளுக்கு ஆறு பேரைச் சேர்க்க வேண்டும் என்று வைப்போம். 6, 36, 216, 1,296 என்று வளரும். ஐந்தாவது படியில் 7,776 பேர். ஒன்பதாவது படியில் ஒரு கோடிக்கு மேல். பத்தாவது படியில் ஆறு கோடிக்கு மேல். இலங்கையின் மொத்த சனத்தொகையே சுமார் 2 கோடி 17 இலட்சம்தான். தொட்டில் பிள்ளையைச் சேர்த்தாலும் ஆள் காணாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தச் சங்கிலி எந்தப் படியில் அறுந்தாலும், சேர்ந்தவர்களில் ஆறில் ஐந்து பேர் கடைசி வரிசையில்தான் நிற்பார்கள். அவர்களுக்குக் கீழே யாரும் இல்லை. அவர்கள் கட்டிய காசுதான் மேலே இருப்பவரின் கார். அவர்கள் சோம்பேறிகள் என்பதால் தோற்கவில்லை. ஆறில் ஐந்து பேர் தோற்றால்தான் ஒருவர் வெல்ல முடியும் என்பதே அதன் அமைப்பு.

வீடு வீடாகப் போய் நல்ல பொருளை நியாய விலைக்கு விற்பது வேறு. அதைக் குறை சொல்ல மாட்டோம். வித்தியாசம் காண ஒரே கேள்வி போதும்: இனிமேல் ஒருவரும் புதிதாகச் சேராவிட்டால், பொருளை விற்று மட்டும் எனக்குக் காசு வருமா? வராது என்றால் அங்கே விற்பனைப் பொருள் சவர்க்காரமோ சத்துமாவோ அல்ல. நீங்களும் உங்கள் சொந்தக்காரரும்தான்.

சட்டமும் இதைத்தான் கேட்கிறது. 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவு பிரமிட் திட்டங்களைத் தடைசெய்கிறது. பணம் கட்டிச் சேர்ந்து, கிடைக்கும் பயன் பெரும்பாலும் ஆட்கள் கூடுவதிலோ அவர்கள் கட்டும் பணம் கூடுவதிலோ தங்கியிருந்தால் அது பிரமிட். அதை நடத்துவது மட்டுமல்ல, பிறருக்கு எடுத்துச் சொல்லிப் பரப்புவதும் குற்றம். சிறையும் தண்டப்பணமும் உண்டு. ஏமாந்து சேர்ந்த பிள்ளை, அடுத்த ஆளைப் பிடிக்கும்போது தானும் சட்டத்தில் மாட்டுகிறது. பெயரும் வடிவமும் மாறிக்கொண்டே இருக்கும். 2023 ஓகஸ்டில் எம்.டி.எப்.ஈ. என்ற கைத்தொலைபேசிச் செயலி சரிந்தபோது இலங்கையிலும் வங்காளதேசத்திலும் பணம் போட்டவர்கள் இழந்து நின்றார்கள். தடைசெய்யப்பட்ட திட்டங்களின் பட்டியலை மத்திய வங்கி வெளியிடுகிறது. சந்தேகம் இருந்தால் 1935 என்ற இலக்கத்தில் கேட்கலாம்.

நமது மக்களுக்கு ஆள் பிடிக்கும் தொழில் புதிதல்ல. நம் பாட்டன் பூட்டனைக் கடல் கடத்திக் கொண்டுவந்ததும் அதுதான். தேங்காயும் மாசியும் தேயிலைத் தூரில் கிடைக்கும் என்று சொன்ன கங்காணிக்கு, கொண்டுவந்த ஒவ்வொரு தலைக்கும் காசு. வந்தவனுக்குக் கடன். அந்தக் கடனை எழுதிய துண்டோடு ஆளைத் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றினார்கள். துண்டு முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது. அப்போதும் கூப்பிட்டவன் அந்நியனல்ல; சொந்த ஊர்க்காரன், சொந்தச் சாதிக்காரன். நம்பிக்கைதான் முதலீடு.

தொழிற்சங்கமும் ஆள் சேர்க்கத்தானே செய்கிறது என்று சிலர் கேட்கலாம். சேர்க்கிறோம். ஆனால் சம்பளம் கூடும்போது முதலில் சேர்ந்தவருக்கும் நேற்றுச் சேர்ந்தவருக்கும் ஒரே சம்பளம். கடைசியில் சேர்ந்தவருக்கு என்ன கிடைக்கும் என்று எங்களிடமும் கேளுங்கள், அவர்களிடமும் கேளுங்கள். இரண்டு பதிலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இதில் விழும் பிள்ளைகளைப் பேராசைக்காரர் என்று ஏசுவதில் நியாயமில்லை. மாதச் சம்பளம் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போகிறது. ஊரில் லயத்துக் கூரை ஒழுகுகிறது. அந்த நிலைமையில் கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் “உன்னால் முடியும்” என்று முகம் பார்த்துச் சொன்னால் மனம் இளகத்தான் செய்யும். ஏசினால் பிள்ளை மறைக்கும். மறைத்தால் கடன் வளரும். வீட்டில் உட்கார்த்தி, மேலே சொன்ன கணக்கைச் சேர்ந்து போட்டுப் பாருங்கள். நகையை அடகு வைக்கும் முன்பும், சேமலாப நிதிப் பணத்தைத் தொடும் முன்பும், உங்கள் கிளைத் தலைவரிடமோ தலைவியிடமோ ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

அந்த அம்மா பணத்தைக் கொடுக்கவில்லை. ஆனால் மகன் கடை முதலாளியிடம் முற்பணம் வாங்கி ஏற்கெனவே நாற்பதாயிரம் கட்டிவிட்டிருந்தார். இரண்டு பேரைச் சேர்த்தால் போட்டது திரும்பிவிடும் என்று அவரை நெருக்குகிறார்கள். அவரிடம் நாங்கள் சொன்னது இதுதான்: கட்டிய பற்றுச்சீட்டையும் வந்த குறுஞ்செய்திகளையும் பத்திரமாக வையுங்கள், முறைப்பாடு எழுத நாங்கள் உதவுகிறோம். நாற்பதாயிரம் பெரிய காசுதான். ஆனால் அதை மீட்க இன்னொரு தாயின் பிள்ளையைக் கூட்டிப் போகாதீர்கள். சங்கிலி உங்களோடு நிற்கட்டும்.