விரல் தேய்ந்தவன் குற்றவாளியா?

காகிதம் ஒழிந்தது, கணினி வந்தது. இனிக் காத்திருப்பும் இல்லை, கையூட்டும் இல்லை என்று முழங்கினார்கள். நாமும் நம்பினோம். தாசில்தார் அலுவலகத்துத் தாழ்வாரத்திலே, மனு எழுதுவோரின் மேசையருகே, நம் பாட்டனும் தந்தையும் கால் கடுக்க நின்ற காட்சியை மறந்தவர்களா நாம்? "நாளைக்கு வா" என்ற ஒற்றைச் சொல்லுக்காக எத்தனை நாள் கூலியை இழந்தனர் அவர்கள்! அந்தக் கொடுமை தொலையுமென்றால் கணினியை வரவேற்காதார் யார்?

வந்தது கணினி. தொலைந்ததா கொடுமை?

வாசக நண்பரே, நியாயவிலைக் கடை வரை என்னுடன் வாருங்கள். வரிசையிலே நிற்கிறாள் ஒரு மூதாட்டி. நாற்று நட்ட கை. களை பறித்த கை. செங்கல்லும் சாந்தும் சுமந்த கை. விரலைக் கருவியின்மீது வைக்கிறாள். பொருந்தவில்லை! முந்தானையிலே துடைத்துவிட்டு மீண்டும் வைக்கிறாள். பொருந்தவில்லை! கட்டைவிரல், சுட்டுவிரல், மறுகை—எதுவும் பொருந்தவில்லை! அவளை அந்தக் கடைக்காரர் ஆண்டு பலவாக அறிவார். பேரன் நலத்தைக்கூட விசாரிக்கிறார். ஆனால் கருவி அறியவில்லையே! மனிதன் அறிந்தது செல்லாதாம். பொறி அறியாததே செல்லுமாம். இதற்குப் பெயர் முன்னேற்றம்!

ஏன் பொருந்தவில்லை? ரேகை தேய்ந்துவிட்டது. எதனால் தேய்ந்தது? உழைப்பால்! கல்லுடைப்பவன் ரேகை தேயும். பாத்திரம் துலக்குபவள் ரேகை தேயும். குளிர்பதன அறையிலே கோப்புப் புரட்டும் கனவானின் ரேகை தேயுமா? எவர் உழைத்தனரோ, அவரையே ஐயுறுகிறது கருவி. எவருக்கு அரிசி வேண்டுமோ, அவரையே தலைகுனிய வைக்கிறது.

எங்கோ ஒன்றிரண்டு நடக்கலாம் என்று சமாதானம் கூறுவர். கணக்கை அவர்கள் வாயாலேயே கேட்போம். 2018 மார்ச்சு மாதம், உச்சநீதிமன்றத்தின் முன்னே ஆதார் ஆணையத்தின் தலைமைச் செயல் அலுவலரே விளக்கம் தந்தார். அரசுச் சேவைகளிலே சரிபார்ப்பு வெற்றி பெறுவது நூற்றுக்கு 88 என்றார். எஞ்சிய 12? அது வெறும் எண்ணா? ஒவ்வொரு தோல்விக்கும் பின்னே கூலியைவிட்டு வந்து நின்ற ஒரு மனித உயிர் இல்லையா?

சார்க்கண்டு மாநிலம் சிம்டேகா மாவட்டத்திலே 2017 செப்டம்பரில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி மாண்டாள். ஆதாரோடு இணைக்கப்படவில்லையென்று அந்த வீட்டின் குடும்ப அட்டை நீக்கப்பட்டிருந்தது. பசியால் இறந்தாள் என்றாள் பெற்றவள். மலேரியா என்றனர் அதிகாரிகள். நோயா பசியா என்று வழக்காடட்டும். அட்டையை நீக்கியது எந்தக் கொசு?

போலிகளை ஒழிக்க வேண்டாமா என்பார்கள். ஒழிக்கட்டும்! ஆனால் இருபது கிலோவுக்கு விரலை வாங்கிக்கொண்டு பதினெட்டு கிலோ போடுகிறவனை இந்தக் கருவி பிடிக்குமா? எடைக்கல்லின் களவுக்கு ஏழையின் ரேகையா சாட்சி?

சட்டம் என்ன சொல்கிறது? 2018 செப்டம்பர் 26-இல் வழங்கிய தீர்ப்பிலே, சரிபார்ப்பு தவறியதைக் காட்டித் தகுதியுடைய எவருக்கும் பயன் மறுக்கலாகாது என்று உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. கருவிழியைக் காட்டலாம், வேறொருவரை அனுப்பலாம் என்று ஆணைகளும் உண்டு. உண்டுதான்! ஆணை தலைநகரத்துக் கோப்பிலே. மூதாட்டியோ கடைத்தெரு வெயிலிலே!

கடையோடு முடிந்ததா? ஓய்வூதியர் ஆண்டுதோறும் தாம் உயிரோடிருப்பதை மெய்ப்பிக்க வேண்டும். 2014 நவம்பர் முதல் அதற்கும் மின்னணுச் சான்று வந்தது. முதியவர் நேரே நின்று, "ஐயா, இதோ இருக்கிறேன்" என்கிறார். இருப்பவர் போதாது, இருப்பதாகத் திரை சொல்ல வேண்டும்! தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே இடுவது நம் தமிழ் மரபு. குடும்பப் பெயர் எங்கே என்கிறது படிவம். ஓர் ஆவணத்திலே முதலெழுத்து முன்னே, மற்றொன்றிலே பின்னே, வேறொன்றிலே விரிந்து முழுப்பெயராக—அவ்வளவுதான்! ஒரே மனிதன் மூவராகிவிடுகிறான். மூவருக்கும் பணம் இல்லை!

நண்பரே, அன்றைய குமாஸ்தா கொடியவராக இருந்திருக்கலாம். ஆனால் அவருக்கு முகம் இருந்தது. "ஏன் ஐயா மறுக்கிறீர்?" என்று கேட்க முடிந்தது, மேலதிகாரியிடம் முறையிட முடிந்தது. இன்றோ, "சர்வர் இல்லை" என்ற இரு சொல்லிலே உரையாடல் முடிகிறது. சர்வரின் சட்டையைப் பிடிப்பது எப்படி? அதன்மீது மனு எழுதுவது யாருக்கு? கணினியின்மீது நமக்குப் பகையில்லை. அதன் முதுகுக்குப் பின்னே ஒளிந்துகொள்ளும் ஆட்சிமுறைமீதுதான் வழக்கு!

நாம் கேட்பவை மூன்றே. கருவி தவறினால் அது அரசின் தவறு. முதலில் அரிசியைக் கொடு, பிறகு சரிபார். மறுப்பதானால் காரணத்தைத் தமிழிலே எழுதி, மறுத்தவர் பெயரும் பதவியும் பொறித்துக் கொடு. உன் ஏட்டிலே ஏற்கெனவே உள்ளதை எங்களிடம் மறுபடி கேட்காதே. இவை ஆகாதவையா? 2010-இலேயே மத்தியப் பிரதேசம், குறித்த நாளுக்குள் சேவை தராத அலுவலருக்குத் தண்டம் விதிக்கும் சட்டத்தை இயற்றியதே!

அதுவரை நம் கடமை என்ன? வரிசையிலே ஒருவர் வெறும் பையோடு திரும்புவதைக் கண்டால் வாளாவிராதீர்கள். எழுத்திலே காரணம் கேளுங்கள். தராவிட்டால் 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். 30 நாளிலே விடை சொல்லியாக வேண்டும்.

தேய்ந்த விரல் குற்றத்தின் தடயமன்று. இந்த நாட்டின் வயல்களையும் சாலைகளையும் மாளிகைகளையும் ஆக்கிய உழைப்பின் முத்திரை அது. அந்த முத்திரையைப் படிக்கத் தெரியாத கருவியைத் திருத்துங்கள். மனிதரைத் திருப்பி அனுப்பாதீர்கள்!