அந்தத் தொலைபேசி எங்களிடம் இருந்தால்



நாரந்தனையில் மகளிர் குழுக் கூட்டம் முடிந்த ஒரு மாலையில் எல்லோருமாக இருந்து 'மார்க் ஆண்டனி' பார்த்தோம். 2023 செப்டெம்பரில் வெளியான இப்படத்தை இயக்கியவர் ஆதிக் ரவிச்சந்திரன். கதை 1975இலும் 1995இலும் நடக்கிறது. விஞ்ஞானியாக வரும் செல்வராகவன், கடந்த காலத்தில் இருப்பவர்களோடு பேசக்கூடிய தொலைபேசி ஒன்றைக் கண்டுபிடிக்கிறார்.

அருமையான கற்பனை. விஷால், எஸ்.ஜே. சூர்யா இருவருக்கும் தந்தை, மகன் என இரட்டை வேடங்கள். பழைய கால உடைகள் கண்ணுக்கு விருந்து. சூர்யா நன்றாகச் சிரிக்க வைக்கிறார். ஆனால் இறந்தவரின் குரலையே கேட்கக்கூடிய அந்தக் கருவி, பெரும்பாலும் தாதாக்களின் பழிவாங்கலுக்கே பயன்படுகிறது. பெண்கள் வந்து போகிறார்கள், அவ்வளவுதான். எதிர்பார்த்த அளவுக்குப் படம் மனதில் நிற்கவில்லை.

முடிந்ததும் ஓர் அம்மா மெதுவாகச் சொன்னார்: "உந்தப் போன் எனக்குக் கிடைச்சால் 1990ஆம் ஆண்டுக்கு எடுத்து, 'இண்டைக்கு வெளியில போகாதை மோனை' எண்டு ஒரு சொல்லுச் சொல்லுவன்."

சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு ஒவ்வொருவராகத் தாம் யாருக்கு எடுப்போம் என்று சொல்லத் தொடங்கினர். சில பெயர்களை அன்றுதான் நான் முதன்முதலாகக் கேட்டேன்.

நீங்கள் யாருக்கு எடுப்பீர்கள்? பக்கத்து வீட்டுச் சகோதரியிடமாவது சொல்லுங்கள். அவர் சொன்னால் நீங்களும் இருந்து கேளுங்கள்.