காகிதக்கூழும் கடைச்சரக்கும்

எங்கள் வீட்டில் இரண்டாம் வகுப்புப் படிக்கும் சிறுமியிடம், 'பயனற்ற பொருளிலிருந்து பயனுள்ள பொருள்' செய்துவரச் சொல்லிப் பள்ளியிலிருந்து குறிப்பு வந்தது. எந்தப் பள்ளி என்பது முக்கியமில்லை. இது ஊரெங்கும் நடப்பதுதான். அன்று மாலையே நாகமலை புதுக்கோட்டைக் கடைத்தெருவுக்குப் போய் ஐஸ் குச்சிக் கட்டு, ஜிகினாத் தூள், வண்ணத்தாள், பசை எல்லாம் வாங்கினோம். இரவு பதினொரு மணிவரை உட்கார்ந்து பேனாத் தாங்கி ஒன்றைச் செய்து முடித்தோம். சிறுமி எப்போதோ உறங்கிப் போயிருந்தாள். கணக்குப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது. பயனற்ற பொருள் என்று வீட்டிலிருந்து சேர்ந்தது ஒரே ஒரு தண்ணீர்ப் பாட்டில்தான்.

மறுசுழற்சி என்ற சொல் நமக்குப் புதிது; செயல் புதிதல்ல. பழைய தாள்களை ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து ஆட்டி, கவிழ்த்த பானையின் மேல் அப்பிக் காயவைத்துக் கூடையாக எடுத்த பாட்டிமார்கள் நம் எல்லோர் வீட்டிலும் இருந்தார்கள். வெந்தயத்தின் வழவழப்புதான் அங்கே பசை. நமக்கு அருகிலுள்ள விளாச்சேரியில் மண்ணோடு காகிதக்கூழிலும் கொலுப் பொம்மைகள் உருவாகின்றன. நுங்கு வண்டி ஓட்டிய பிள்ளைகள் யாரும் அதைக் 'கழிவிலிருந்து கலை' என்று அழைத்ததில்லை.

பிராயச்சித்தமாக அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்களும் கூழ் ஆட்டினோம். முதல் கிண்ணம் வெடித்தது; தண்ணீரைப் பிழியாமல் தடிமனாக அப்பியது எங்கள் பிழை. இரண்டாவது தேறியது. மஞ்சள் தூள், செம்மண், அடுப்புக்கரி, சங்குப்பூச் சாறு ஆகியவை வண்ணங்களாயின. மஞ்சளில் சோப்பு நீர் பட்டதும் சிவந்தது. சங்குப்பூ நீரில் எலுமிச்சை விழுந்ததும் நீலம் ஊதாவானது. நான்கு வயதுத் தம்பி அதை மறுபடி மறுபடி செய்யச் சொன்னான். முறிந்த மெழுகு வண்ணத் துண்டுகளை வெந்நீரில் வைத்த கிண்ணத்தில் உருக்கிப் புதுக் கட்டிகளாக்கினோம். அடுப்படி வேலையைப் பெரியவர்கள் செய்தோம். மற்றதெல்லாம் அவர்கள் கைவண்ணம். எதுவும் அழகாக இல்லை. ஆனால் எல்லாம் அவர்களுடையவை.

அரவிந்த் குப்தாவை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அவர், 1978-ல் ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்துக்குச் சென்றார். அங்கே தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு ரப்பர்க் குழாயையும் கொண்டு முக்கோணமும் கனசதுரமும் செய்யக் கற்றுக்கொடுத்தார். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. அதே ஆண்டு அதே விருதைப் பெற்ற இன்னொருவர் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன். நாம் வீசியெறிந்த பிளாஸ்டிக்கைத் தாரோடு கலந்து சாலை போட வழிகாட்டியவர் அவர். குப்பையை உற்றுப் பார்ப்பதும் ஒரு கல்வி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இதற்கு இரண்டு மறுப்புகள் எழக்கூடும். ஒன்று, இது வறுமையைப் போற்றுவதாகாதா என்பது. ஆகாது. நல்ல தாளும் நல்ல தூரிகையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு முதலில் கிடைக்க வேண்டும். கரித்துண்டு போதுமென்று அவர்களிடம் சொல்ல நமக்கு உரிமையில்லை. இரண்டாவது, இதற்கெல்லாம் நேரம் ஏது என்பது. இது நியாயமான கேள்வி. பெரும்பாலும் இந்தச் சுமை தாய்மாரின் தலையில்தான் விழுகிறது. ஆனால் இரவு பதினொரு மணிவரை விழித்திருந்து ஜிகினா ஒட்டுவதற்கு மட்டும் நேரம் எங்கிருந்து வந்தது?

நாம் அஞ்சுவது வேறொன்றுக்கு. கலை என்பது கடையில் வாங்கும் சரக்கு, பெரியவர்கள் செய்துதருவது, மினுமினுப்பாக இருந்தால் பரிசு பெறுவது என்று ஏழு வயதிலேயே ஒரு பிள்ளை கற்றுக்கொண்டால், பிறகு எந்தப் புத்தகமும் அதை எளிதில் மாற்றிவிடாது. ஆசிரியர்களுக்கு எங்கள் வேண்டுகோள் எளியது: கோணலாக இருப்பதற்கு மதிப்பெண் கொடுங்கள். பிள்ளையின் விரல் தடம் தெரிகிறதா என்று பாருங்கள்.

அந்த ஞாயிறு மாலை சிறுமி செம்மண்ணாலும் கரியாலும் நாகமலையை வரைந்தாள். மலையைவிட அதன்மேல் நின்ற ஆடு பெரிதாக இருந்தது. நாங்கள் திருத்தவில்லை.