இல்லாத பதிவும் இருக்கின்ற மனிதரும்

இரண்டாமாண்டு, இளம் அறிவியல், கணிப்பொறித் துறை

கணிப்பொறி பயிலும் மாணவரில் ‘தொடர்புடைய பதிவு இல்லை’ என்னும் பிழைச் செய்தியைக் காணாதவர் இலர். ஓர் அட்டவணையில் மாணவர் இருப்பார். அவரோடு தொடர்புடைய பெற்றோர் பதிவு அடுத்த அட்டவணையில் இராது. நிரல் அங்கேயே நின்றுவிடும். இதனை நிரல் எழுதுவோரின் சில்லறைத் தொல்லை என்று நண்பர்கள் பலர் கருதுகின்றனர். நான் அவ்வாறு கருதவில்லை.

நம் திருமுல்லைவாயிலையே எடுத்துக்கொள்வோம். என் தந்தையாரின் பிறப்புச் சான்றில் மாவட்டம் ‘செங்கல்பட்டு’ என்றிருக்கிறது. அந்தப் பழைய மாவட்டம் 1997-இல் இரண்டாகப் பிரிந்தது. நம் ஊர் திருவள்ளூர் மாவட்டத்தில் சேர்ந்தது. பின்னர் 2019-இல் காஞ்சிபுரத்திலிருந்து பிரித்துச் செங்கல்பட்டு மாவட்டம் ஒன்று புதிதாக அமைந்தது. பெயர் அதேதான், மண் வேறு. பெயரை மட்டும் வைத்துப் பதிவுகளை இணைத்தால், திருமுல்லைவாயிலில் பிறந்தவர் புதிய மாவட்டத்தின் பிள்ளையாகிவிடுவார். பிழைச் செய்தி ஏதும் வராது. காணாமற் போன பிள்ளையைத் தேடுவோர் உண்டு. அடுத்த வீட்டில் உட்கார்ந்து சோறுண்ணும் பிள்ளையைத் தேடுவோர் யார்?

அட்டவணை வரிகளைப் பொருள்களாக்கித் தரும் ஜாங்கோ போன்ற கருவிகள், இணைப்பை எழுதும்போதே ஒரு கேள்வி கேட்கின்றன: தாய்ப்பதிவு நீங்கினால் சேய்ப்பதிவுகளை என்ன செய்வது? ‘கேஸ்கேட்’ என்றால் சேய்களும் அழியும். ‘புரொடெக்ட்’ என்றால் தாயை நீக்க விடாது. ‘செட் நல்’ என்றால் அவ்விடம் வெற்றிடமாகும். பழைய மாவட்டத்தை முதல் வழியில் நீக்கியிருந்தால் என் தந்தையாரும் அதோடு போயிருப்பார்!

இவற்றைவிடக் கொடியது ஓசையின்றி உதிர்வது. வெற்றிடம் கூடாது என்று அறிவித்த இணைப்பை அக்கருவி ‘இன்னர் ஜாயின்’ முறையில் தேடும். பழைய தரவுகளைச் சரிபார்க்காமல் கொட்டியிருந்தால், துணைப்பதிவு இல்லாதவர் பட்டியலிலேயே வரமாட்டார். ‘லெஃப்ட் அவுட்டர் ஜாயின்’ என்றால் ஆள் நிற்பார், அருகில் வெற்றிடம் நிற்கும். ஆளை நிறுத்துவதே முறை என்பேன்.

‘எல்லாக் கட்டத்தையும் கட்டாயமாக்கினால் போயிற்று’ என்பர் சிலர். என் தாயார் பள்ளி வாசலை மிதித்தவரல்லர். நான் நிரப்பிய ஒரு படிவத்தில் தாயின் பள்ளிச் சான்று எண்ணுக்குச் சிவப்பு நட்சத்திரம் இட்டிருந்தது. “நாலு பூஜ்யம் போட்டுடு தம்பி” என்றார் கணிப்பொறி மையத்துக்காரர். அன்று எத்தனை பிள்ளைகளுக்கு அந்தப் பூஜ்யமே தாயாயிற்றோ! கட்டாயம் உண்மையைக் கொண்டுவரவில்லை, பொய்யைத்தான் கொண்டுவந்தது.

சட்டம் இதில் நம்மைவிட அறிவுடையதாக இருந்திருக்கிறது. 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, பெயரிடாத குழந்தையின் பிறப்பையும் பதிய இடம் தருகிறது. பெயர் பிறகு வரலாம். 2016-ஆம் ஆண்டு ஆதார் சட்டத்தின் 7-ஆம் பிரிவும், எண் வழங்கப்படாதவருக்கு மாற்று அடையாள வழி தரவேண்டும் என்கிறது. எனினும் 2017 செப்டம்பரில் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாருடன் இணையாததால் அக்குடும்பத்தின் ரேஷன் அட்டை நீக்கப்பட்டிருந்தது. பட்டினி என்றார் தாய். நோய் என்றது அரசு. இணைப்பு இல்லையெனில் நீக்கு என்று எவரோ ஒருவர் எங்கோ முடிவு செய்திருந்தார்.

1970-இல் உறவுநிலைத் தரவுமாதிரியை வகுத்த காட் என்னும் அறிஞர், 1990-இல் வெளியிட்ட நூலில் வெற்றிடத்துக்கு இரு குறிகள் கேட்டார்: ‘இருக்கவேண்டியது, தெரியவில்லை’ என்பதற்கு ஒன்று, ‘பொருந்தவே பொருந்தாது’ என்பதற்கு மற்றொன்று. எஸ்.க்யூ.எல். மொழியோ ஒரே ‘நல்’ போதும் என்று இருந்துவிட்டது. தொலைந்த சான்றும், என் தாயார் பெறாத சான்றும் அதற்கு ஒன்றுதான். இரண்டையும் பிரித்தெழுத ஒரு தனிக்கட்டம் வைப்பது பெரிய வேலையன்று.

ஆகவே ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். இறுதியாண்டுத் திட்டப்பணியில் மாணவர் வரையும் ஒவ்வோர் இணைப்புக்கும் நேரே ‘இது இல்லாவிட்டால்?’ என்றொரு கட்டம் வைத்து, விடை எழுதச் சொல்லுங்கள். அந்தக் கட்டத்துக்கு மட்டும் சிவப்பு நட்சத்திரம் இடலாம், எனக்கு மறுப்பில்லை.